ஓரகத்தியின் லேப்டாப்

போன மழைக்காலம் முழுவதும் நான் காலையில் பொறாமையோடுதான் கண்விழித்தேன். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வருவேன். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இரண்டு லேப்டாப்புகள் பக்கத்தில் பக்கத்தில் மூடிக் கிடக்கும். ஒன்று என்னுடையது. மெல்லியது, வெள்ளி நிறம், வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதது. மற்றது என் கணவருடைய தம்பி மனைவியுடையது. கறுப்பு நிறம், செங்கல் கனம், மூடியின் ஒரு மூலை உடைந்து பசை போட்டு ஒட்டியது.

முதலில் என்னுடையதைத் திறப்பேன். திரை கறுப்பாகவே இருக்கும். பொத்தானை அழுத்தினால் காலி பேட்டரியின் படம் ஒரு நொடி தோன்றி மறையும். முந்தின நாள் மாலை முழுதாகச் சார்ஜ் ஏற்றி மூடிவைத்த லேப்டாப் அது. பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவளுடையதைக் கொஞ்சமாகத் திறப்பேன். உடனே வெளிச்சம் வந்துவிடும். சார்ஜ், மூடும்போது இருந்ததைவிடச் சற்றுத்தான் குறைந்திருக்கும். சத்தம் வராமல் மூடிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினால் டீத்தண்ணீர் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும்.

நான் ஊட்டியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் வீடு பெர்ன்ஹில்லில் இருக்கிறது. நான், என் கணவர், அத்தை மூவரும்தான் பல வருடங்களாக அந்த வீட்டில் இருந்தோம். அத்தை என்றால் என் மாமியார். கொழுந்தன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மலையிறங்கிவிடுவான். அவனுக்குக் கல்யாணமாகி, அவன் மனைவி எங்களோடு தங்க வந்தபோதுதான் வீட்டுக்குள் இரண்டாவது லேப்டாப் வந்தது. அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. ஏதோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை. ஊரெல்லாம் கோயம்புத்தூருக்கு ஓடும்போது இவள் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்தாள். குளிர் பிடித்திருக்கிறதாம்.

வந்த அன்றே அவள் லேப்டாப்பைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நான் என்னுடையதை வாங்குவதற்கு முன்னால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாரக்கணக்கில் வீடியோக்கள் பார்த்தேன். எந்தச் சிப், எத்தனை மணி நேரம் தாங்கும், எடை எவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, கடைக்காரர் காட்டிய வேறு மூன்றை வேண்டாமென்று சொல்லி, இதுதான் வேண்டுமென்று வாங்கினேன். அவளோ கிடைத்ததை எடுத்துக்கொண்டவள்.

"பழைய ஆபீசை மூடிட்டாங்க்கா. அப்ப, வேணுங்கறவங்க எடுத்துக்கங்கன்னு சொன்னாங்க. எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய ஆராய்ச்சி.

வெயில் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜூன் மாதக் காற்று தொடங்கியதும்தான் எனக்குக் கேடுகாலம் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் காற்று அடித்தால் எங்காவது ஒரு யூகலிப்டஸ், எங்கள் பேச்சில் கற்பூர மரம், கரண்டு கம்பியின் மேல் சாயும். சாய்ந்தால் எப்போது கரண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு மேல் அத்தையின் சட்டம் ஒன்று வேறு உண்டு. ஒருமுறை இடி விழுந்து டிவி எரிந்துபோனதிலிருந்து, இரவில் சுவரில் எந்தச் செருகியும் இருக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. படுக்கப் போகும் முன் ஒவ்வொரு அறையாகப் போய் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். அதனால் இரண்டு லேப்டாப்புகளும் இரவு முழுக்கத் தங்கள் சொந்தச் சார்ஜில்தான் கிடக்க வேண்டும். காலையில் கரண்டு இல்லாத வீட்டில் ஒன்று உயிரோடு எழும், ஒன்று செத்துக் கிடக்கும்.

அத்தைக்கு முழங்கால் வலி. மழை நாளில் கோயிலுக்குப் போக முடியாது. மாலையில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஜெபமாலையை நேரலையில் போடுவார்கள். போனின் சின்னத் திரை அத்தை கண்ணுக்குப் பிடிபடாது. முன்பெல்லாம் என் லேப்டாப்பில்தான் போட்டுக் கொடுப்பேன். மழைக்காலத்தில் ஒரு மாலை நான் பள்ளியிலிருந்து ஈரக் குடையோடு உள்ளே வருகிறேன், கூடம் இருட்டாக இருக்கிறது, அத்தையின் முகத்தில் மட்டும் நீல வெளிச்சம். அவர் முன்னால் முக்காலியில் அந்தச் செங்கல். பக்கத்தில் தரையில் ஓரகத்தி, அத்தையின் போர்வையில் பாதியைத் தன் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெபம் முடிந்ததும் அத்தை என்னைப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, நீ பிசிக்ஸ் டீச்சர்தான? கரண்டப் பத்திப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவ. உன்ற பொட்டி மட்டும் ஏன் சும்மா கெடக்கயிலயே தீந்து போவுது?"

"அது புது மாடலுங்க அத்தை."

"புதுசுன்னா நல்லாவல்ல இருக்கோணும்?"

ஓரகத்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அக்கா, நனஞ்சிருக்கீங்க, டீ வெக்கட்டுங்களா?" என்று எழுந்து போனாள். அந்த நல்ல குணமும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு அதே நினைப்பாகிவிட்டது. முதலில் குளிரின் மேல் பழியைப் போட்டேன். பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே மேசையில், ஒரே குளிரில்தானே கிடக்கின்றன? ஜன்னல் பக்கம் இருப்பது என்னுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு மாலை அதைக் கம்பளிச் சால்வையில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். காலையில் எடுத்தபோது அப்போதும் காலி. சால்வை மட்டும் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ தோளிலிருந்து கழற்றியதுபோல.

"என்ன பண்ணிட்டிருக்கற?" என்றார் கணவர்.

"ஏனுங்க, இது சூடா இருக்குதுங்க."

"சால்வையில சுத்தி வெச்சா சூடாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். சால்வை சூட்டைக் காக்குமே தவிர உண்டாக்காது என்று எட்டாம் வகுப்புக்கு நானே நடத்துவேன். சூடு வந்தால் உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். அப்போது என் மண்டைக்குள் இருந்ததெல்லாம் வேறு. கொழுந்தன் அவள் அறைக்கு மட்டும் ஒரு இன்வெர்ட்டர் வைத்துக் கொடுத்திருந்தான், ஆபீஸ் வேலை நிற்கக் கூடாது என்று. அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் கரண்டு போனாலும் வேலை செய்யும். பகலெல்லாம் அவள் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போகிற எனக்குக் கிடைக்காத அக்கறை இந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்கிறது என்று நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் குன்னூரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நாள் வந்தது. பல பள்ளிகளிலிருந்து அறிவியல் ஆசிரியர்கள் வருவார்கள். அதில் மாதிரி வகுப்பு ஒன்று எடுக்க என்னைக் கேட்டிருந்தார்கள். ஒளி விலகல் பாடம். தண்ணீருக்குள் நாணயம் மேலே எழுந்து தெரிவதையும் கானல் நீரையும் அசையும் படங்களாகச் செய்திருந்தேன். எங்கள் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முந்தின நாள் பள்ளியிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றினேன். மூடி, பையில் போட்டேன். சார்ஜரை எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு கல் கனம். மெல்லிய லேப்டாப் வாங்கியவளுக்கு அதைச் சுமக்க மனம் வரவில்லை. முழுச் சார்ஜ் இருக்கிறதே, காலை வரைக்கும் கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா என்ற நம்பிக்கை. தினமும் காலையில் செத்துக் கிடப்பதைப் பார்த்தவளுக்கு அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று கேட்டால், அணைத்துவிட்டுத்தான் மூடினேன் என்று நினைத்திருந்தேன். அணைக்க மறந்துவிட்டேன்.

குன்னூர் பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தபோதே தொடைக்குச் சுகமாக ஒரு வெதுவெதுப்பு. வெளியே கேத்தி பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் அரவங்காட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். நான் பாடத்தின் முதல் வரியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் மேசைமேல் வைத்துத் திறந்தேன். கறுப்பு. பொத்தானை அழுத்தினேன். காலி பேட்டரி. கையை அடியில் வைத்துப் பார்த்தேன், சுட்டது. அங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சார்ஜரைக் கொண்டுவந்து செருகிப் பார்த்தார்கள். ஒன்றின் முனைகூட இதற்குப் பொருந்தவில்லை. பயிற்சியை நடத்தும் அம்மா மரியாதையாகத்தான் சொன்னார், "பரவாயில்லைங்க, வேற ஒருத்தரை முதல்ல விட்டுர்றோம். நீங்க மதியத்துக்கு மேல எடுங்க." ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போன் செய்தேன். கணவர் ஆபீசுக்குப் போய்விட்டார். எடுத்தது அவள்.

"மேசை டிராயர்ல சார்ஜர் இருக்கும் பாரு. யாராவது குன்னூர் வர்றவங்ககிட்ட..."

"நானே கொண்டாறேங்க்கா. இன்னிக்கு லீவு சொல்லிக்கறேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"இதுல என்னங்க்கா இருக்குது."

மழையில் தொப்பலாக நனைந்து வந்தாள். ஸ்வெட்டரின் உள்ளே என் சார்ஜர், முதுகுப் பையில் அவளுடைய செங்கல். "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றாள். என் லேப்டாப்பில் சார்ஜரைச் செருகினோம். உயிர் வந்தது. வந்த கையோடு, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு நீலத் திரை. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. மண்டபத்தில் என்னை மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் தன் லேப்டாப்பை மேசைமேல் வைத்துத் திறந்தாள். திறந்த நொடியில் விழித்தது. முந்தின நாள் மாலை மூடிய பக்கம் அப்படியே இருந்தது. பாடத்தை நான் எனக்கே மெயிலில் அனுப்பி வைத்திருந்ததால் இறக்கிக்கொள்ள முடிந்தது. வகுப்பு எடுத்தேன். நன்றாகத்தான் எடுத்தேன். நாணயம் மேலே எழும் படம் வந்தபோது பின்வரிசையில் ஒருவர் "ஓ" என்றார். ஆனால் வகுப்பு முழுக்க அவள் என் பக்கத்திலிருந்து நகரவில்லை. மேசை ஓரத்தில் நின்று, அடிக்கடி குனிந்து எதையோ தட்டினாள். அப்படி ஒருமுறை திரை மங்கலாகிக்கூடப் போனது. நான் முறைத்தேன். என்னுடைய மேடையில் இவளுக்கு என்ன வேலை என்று கோபம் வந்தது. எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமென்றே நிற்கிறாள் என்று நினைத்தேன்.

முடிந்ததும் கைதட்டினார்கள். பிறகு டீ நேரத்தில் அவளைச் சுற்றித்தான் கூட்டம். "நல்ல நேரத்துல வந்து காப்பாத்துனீங்க." "இந்தப் பழைய மிஷினெல்லாம் கல்லு மாதிரிங்க, நம்பலாம்." நடத்தும் அம்மா அவள் தோளில் கை வைத்து, "இப்படி ஒரு தங்கச்சி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்" என்று என்னிடம் சொன்னார். ஒளி விலகலைப் பற்றி ஒருவர் மட்டும் ஏதோ கேட்டார். அவரும் பாதியில் டீக்கு வர்க்கி பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட். வண்டி புறப்பட்டதும் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவ்வளவு லேசாக, யாருக்கும் எதுவும் நிரூபிக்கத் தேவையில்லாதவள்போல. நான் பெர்ன்ஹில் வரை விழித்துக்கொண்டே வந்தேன். அவள் தூங்கியதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்தேன். எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். இன்னும் உண்மையாகச் சொன்னால், அவளுடையதில் ஏதாவது ஒரு குறை கிடைக்க வேண்டும். லேப்டாப்பிலேயே சில கட்டளைகளைத் தட்டினால், அது தன் பேட்டரியைப் பற்றித் தானே ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்கும் என்று இணையத்தில் படித்தேன். எந்த நேரத்தில் மூடினோம், மூடிய பிறகு எவ்வளவு செலவாயிற்று, யார் செலவு செய்தது என்று எல்லாம் அதில் வரும்.

என்னுடைய அறிக்கையை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். நான் தூங்குகிறது என்று நினைத்த நேரம் முழுக்க என் லேப்டாப் தூங்கவேயில்லை. திரையை மட்டும் அணைத்துவிட்டு, உள்ளே விழித்திருந்தது. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவும் செல்போனைப் போலத் தூங்கும்படி செய்யப்பட்டவையாம். மூடியிருக்கும்போதும் இன்டர்நெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கும், அப்டேட்டை இறக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் இதற்கு அதிகம் செலவாகாது. சில லேப்டாப்புகள் அப்படி ஒழுங்காகவும் இருக்கின்றன. ஆனால் உள்ளே ஒரே ஒரு பாகம் அடங்க மறுத்தாலும் மற்றவற்றையும் அடங்க விடாது. என்னுடையதில் இரண்டு பேர் அடங்கவில்லை. ஒன்று வைஃபை. மற்றது, வயரில்லாத மவுசுக்காக நான் ஓரத்தில் செருகி மறந்தே போன நகக்கண் அளவு ரிசீவர். சால்வையைச் சூடாக்கியதும், பஸ்ஸில் என் மடியை வெதுவெதுப்பாக்கியதும் இவைதான்.

அவளுடையது பழைய முறை. மூடினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். விட்ட இடம் மறந்துபோகாமலிருக்க நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகக் கரண்டு போகும். மெயில் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குத் தெரியாது. அந்தப் பழைய தூக்கம் என்னுடையதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பார்த்துப் பார்த்து வாங்கியதில், வாரக்கணக்கில் பார்த்த வீடியோக்களில், மூடிவைத்தால் என்ன ஆகும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"உன்றதுலயும் ஒரு தடவ பாக்கட்டுமா? சும்மா, ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் எனக்கு ஆசை கூடியது. "பாருங்க்கா" என்று கொண்டுவந்து வைத்தாள்.

அறிக்கையின் மேலேயே இருந்தது. அந்த பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடிக்கும், இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்கள். பழையதில் கால் பங்குகூட இப்போது இல்லை. குடத்துக்குப் பதில் டம்ளர். டம்ளர் நிறைந்திருந்தாலும் திரையில் முழுதாகத்தான் காட்டும். நான் மாதக்கணக்காகக் குடத்தின் சதவீதத்தையும் டம்ளரின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். இயற்பியல் ஆசிரியை.

"இது திறந்து வெச்சா எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றேன்.

"ஒரு ஜெபமாலை தாங்கும்ங்க்கா. அதுக்கு மேல நம்ப முடியாது. திடீர்னு நின்னுரும். அதான் எப்பவும் பிளக் பக்கத்துலயே உக்காந்திருக்கறது."

"அன்னிக்கு குன்னூர்ல?"

அவள் முகத்தில் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. "அன்னிக்கு உங்க சார்ஜர எடுக்கற அவசரத்துல என்றத மறந்துட்டேங்க்கா. நீங்க பாடம் ஆரம்பிச்சதுலருந்து எனக்கு உசுரே இல்ல. வெளிச்சத்தக் கொறச்சேன், வைஃபைய நிறுத்துனேன், என்னென்னமோ பண்ணுனேன். நீங்க கானல் நீருக்கு வந்தப்ப சிவப்பு காட்டிருச்சு. மாதாகிட்ட வேண்டிட்டே நின்னேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க பதறிருப்பீங்க. பாடம் கெட்டுப் போயிருக்கும்."

பக்கத்து நாற்காலியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் சொன்னார். "அது சீக்கிரம் நின்னு போவும்னுதான் நானு கடேசிப் பத்து மணி, அஞ்சாவது காரணிக்கம் வந்ததும் சவுண்டக் கொறச்சுக்கறது. அதுக்கப்பறம் வர்ற மன்றாட்டு மாலைய போன்ல கேட்டுக்குவேன்."

"உங்களுக்கும் தெரியுமாங்க அத்தை?"

"வந்த ரெண்டாம் நாளே சொல்லிப்போட்டாளே."

அப்போது எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும் என்று படிப்பவர்கள் எதிர்பார்க்கலாம். வரவில்லை. வந்தது புதிதாக ஒரு பொறாமை. என்னுடைய பேட்டரி நல்ல பேட்டரி என்று தெரிந்த சந்தோஷம்கூட நிற்கவில்லை. இவர்கள் இருவரும் ஒரு பழைய பெட்டியின் பலவீனத்தை அறிந்து, சத்தத்தைக் குறைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, தினமும் மாலையில் அதைச் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் வந்து இத்தனை வருடத்தில் அத்தையோடு அப்படி எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. என்னிடம் எதுவும் பழுதாக இருந்தால் நான் யாரிடமும் சொல்வதில்லை. சரிசெய்துவிடுவேன், இல்லையென்றால் மறைத்துவிடுவேன்.

அன்றே என்னுடையதைச் சரிசெய்தேன். மவுஸ் ரிசீவரைப் பிடுங்கினேன். மூடியைச் சாத்தினால் தூங்காமல் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றினேன். அப்படியென்றால், விட்ட இடத்தையெல்லாம் உள்ளே இருக்கும் டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். அணைந்த பிறகு செலவு ஏது? மறுநாள் காலை திறந்தேன். மூடியபோது இருந்த சார்ஜ் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஆனால் எழுதிவைத்ததைப் படித்து எழுவதற்கு அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுடையது திறந்த நொடியில் விழிக்குமே என்று அந்தக் கொஞ்ச நேரத்திலும் நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில், புல்லில் உறைபனி விழத் தொடங்கியபோது, அவள் ஆபீசிலிருந்து புது லேப்டாப் வந்தது. மெல்லியது, என்னுடையதைவிடவும் மெல்லியது. நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் போயிருக்கும். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது முடியைக்கூட முடியாமல் ஓடிவந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்க்கா. நேத்து முழுசா இருந்துச்சு. இன்னிக்கு அப்படியே செத்துக் கெடக்குது."

எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்ன சொல்ல. ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். கணவர் வெளியே ஹாரன் அடித்தார். "ஏனுங்க, நீங்க போங்க, நான் பஸ்ல போயிக்கறேன்" என்று கத்தினேன். சார்ஜரைச் செருகி, கட்டளைகளைத் தட்டி, அறிக்கையை வரவைத்து, எந்தப் பாகம் அடங்கவில்லை என்று விரலால் காட்டினேன். எதனால் என்று அவள் கேட்காததையெல்லாம்கூட விளக்கினேன். ஒரே கம்பெனி தயாரித்த இரண்டு லேப்டாப்புகூட ஒரே மாதிரி தூங்காது. உள்ளே இருக்கும் பாகம், அதை ஓட்டும் மென்பொருள், நினைவகத்தின் அளவு, நாம் ஓரத்தில் செருகி மறக்கும் பொருள்கள் என்று எல்லாமே சேர்ந்து முடிவு செய்யும் என்றேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"இந்தச் சமாசாரமெல்லாம் உன்ற அக்காவுக்குத்தான் தெரியும்" என்றார் அவளிடம். அன்றைக்கு முதல் பீரியடுக்கு நான் போகவில்லை. அதற்காகத் தலைமையாசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு எனக்கு உறைக்கவேயில்லை.

பழைய செங்கல் சும்மா கிடந்தது. அதற்கு ஒரு பேட்டரி மாற்றினால் போதும், தூங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. பள்ளி ஆய்வகத்துக்கு ஆகும் என்று அவளிடம் கேட்கலாமென்றிருந்தேன். உண்மையில் எனக்கே வேண்டும்போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை கொழுந்தன் கோயம்புத்தூரிலிருந்து புது பேட்டரியோடு வந்தான். உட்கார்ந்து மாட்டினான். மாட்டியதை ஓரகத்தி தூக்கிக்கொண்டுபோய் அத்தையின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுச் சொன்னாள், "இது உங்களுக்குங்க அத்தை. இனிமே மன்றாட்டு மாலையும் இதுலயே கேக்கலாம்."

நான் கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "நல்லதாப் போச்சுங்க" என்றேன்.

மறுவாரம் ஒரு மாலை அவளுக்கு வேலை முடியவில்லை, அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஜெபமாலை நேரம் வந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டார். போய்த் திறந்தேன், நொடியில் விழித்தது. கோயில் நேரலையைத் தேடி வைத்தேன். பாடகர் குழுவின் பாட்டு தொடங்கியது. அத்தை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அவ இருந்தா சவுண்டு சரியா வெப்பா" என்றார்.

நான் சவுண்டைக் கூட்டினேன்.

"கொஞ்சம் கொற, அம்மிணி."

குறைத்தேன். பிறகு போர்வையின் மறுபாதியை என் காலில் இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.